பங்குனி ஆமையின் கணக்கு

தை பிறந்துவிட்டால் பெசன்ட் நகர் மணலில் ஒரு சிறு வேலியடைப்பு எழும்பிவிடும். உள்ளே வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியின் மேலும் கவிழ்த்த கூடை, பக்கத்தில் ஓர் அட்டை. அட்டையில் தேதி, முட்டைகளின் எண்ணிக்கை, கூடு கிடைத்த இடம். ஏறக்குறைய ஐம்பது நாள் கழிந்து, மயிலையில் அறுபத்துமூவர் உற்சவம் நடக்கும் நாட்களையொட்டி, அந்தக் கூடைகளுக்கு அடியில் மணல் அசைந்து குஞ்சுகள் மேலேறி வரும். அவற்றைக் கடலில் விடுவதைப் பார்க்க அடையாறு, தி. நகர், மயிலாப்பூரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் வந்து நிற்பார்கள். பருவம் முடியும்போது நாளிதழில் ஓர் எண் வரும்: இந்த ஆண்டு இத்தனை ஆயிரம் குஞ்சுகள் கடலுக்குள் போயின.

2025 ஜனவரியில் அதே நாளிதழ்களில் வேறோர் எண் வந்தது. மெரினா, பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர், நீலாங்கரை, கோவளம் என்று கரை நெடுக இறந்த ஆமைகள் ஒதுங்கின. முதலில் நூற்றுக்கணக்கில், சில வாரங்களில் சென்னையையும் அதன் சுற்றுக் கரைகளையும் சேர்த்து எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. ஒதுங்கியவற்றில் பல வளர்ந்த ஆமைகள். பிதுங்கிய கண்களும் வீங்கிய கழுத்துமாக, வலையில் சிக்கி மூச்சுத்திணறிச் செத்ததற்கான அடையாளங்கள் அவற்றின் மேல் இருந்தன.

இந்த இரண்டு எண்களையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளாகச் சென்னை தன் கடலாமைகளுக்காகச் செய்துவரும் வேலை ஆமையைக் காத்திருக்கிறதா, அல்லது ஆமையின் வாழ்வில் நம் கண்ணுக்கு எட்டுகிற ஒரு சின்னப் பகுதியை மட்டும் காத்திருக்கிறதா? வேலை செய்தவர்கள் மேல் பெருமதிப்பு வைத்துக்கொண்டே இதைக் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

அந்த மதிப்புக்குக் காரணம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் ராமுலஸ் விட்டேக்கரும் கிண்டி பாம்புப் பண்ணையைச் சுற்றித் திரண்ட இளைஞர்களும் இரவு நேரங்களில் இந்தக் கரையில் நடக்கத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான சதீஷ் பாஸ்கர் இங்கே ஐஐடியில் படிக்க வந்தவர். பின்னாளில் லட்சத்தீவையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் கால்நடையாக அளந்து, இந்தியாவில் எந்தக் கடலாமை எங்கே முட்டையிடுகிறது என்பதற்கான முதல் வரைபடத்தை ஏறக்குறையத் தனியாளாக உருவாக்கினார். இடையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்தின. வனத்துறை தன் பொரிப்பகத்தை நிறுத்தியபோது, 1988இல் கல்லூரி மாணவர்கள் சிலர் கூடி மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் இன்று நாட்டின் முதன்மையான கடலாமை ஆய்வாளர்களில் ஒருவர். அன்று தொடங்கிய இரவு நடை இன்றும் நிற்கவில்லை. சம்பளமில்லாத வேலை, தூங்காமல் ஏழு கிலோமீட்டர் மணலில் நடந்துவிட்டுக் காலையில் அலுவலகத்துக்கோ கல்லூரிக்கோ போகிறவர்கள் செய்வது. இந்தியாவில் இத்தனை காலம் தொடர்ந்து நடக்கும் இதுபோன்ற தன்னார்வ முயற்சிகள் மிகக் குறைவு.

இனி ஆமைக்கு வருவோம். மீனவர் பங்குனி ஆமை என்று சொல்லும் ஆலிவ் ரிட்லிதான் சென்னைக்கு வருவது. கடலாமைகளில் சிறிய இனம். ஓடு இரண்டடிக்குச் சற்று மேல், எடை நாற்பது கிலோவை ஒட்டி. ஒடிசாவில் லட்சக்கணக்கில் ஒரே வாரத்தில் கரையேறும் அதே இனம், இங்கே ஒவ்வொன்றாக, இரவில், ஓசையில்லாமல் ஏறும். அலைக்கோட்டைத் தாண்டி மணல் காய்ந்திருக்கும் இடம் வரை நகர்ந்துவந்து, முன்துடுப்புகளால் மேல்மணலை ஒதுக்கிவிட்டு, பின்துடுப்புகளை மாற்றி மாற்றி இறக்கித் தோண்டும். பின்துடுப்பின் நுனி ஒரு கை விரல்களைப்போல வளைந்து ஈரமணலை அள்ளி வெளியே வைக்கும். அந்தத் துடுப்பு வெளியே வந்ததும் மற்றது உள்ளே போகும். தான் தோண்டுவதை அது ஒரு முறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒன்றரை அடி ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற குழி. நூறு, நூற்றிருபது முட்டைகள். மூடிய பிறகு உடலை இடமும் வலமுமாகத் தூக்கி ஓட்டின் அடிப்பாகத்தால் மணலைத் தட்டித் தட்டி இறுக்கும். பக்கத்தில் நிற்பவர் அந்த அதிர்வைக் காலடியில் உணரலாம். முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து கடலுக்குத் திரும்பிவிடும். அதன்பின் அந்தத் தாய்க்கும் அந்த முட்டைகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இந்தக் கூட்டை அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இயற்கையில் கைவைக்காமல் இருப்பதே நல்லது என்பது பொதுவாகச் சரியான வாதம். மனிதர் தொடாத ஒரு கடற்கரையில் நானும் அதைத்தான் சொல்வேன். சென்னையில் அது செல்லாது. நாய்கள் கூட்டைத் தோண்டிவிடுகின்றன. அவற்றுக்குத் தப்பிப் பொரித்தாலும் குஞ்சுக்கு இன்னொரு கண்டம் காத்திருக்கிறது. மணலிலிருந்து இரவில் வெளிவரும் குஞ்சு, அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் ஓடும். லட்சக்கணக்கான ஆண்டுகளாக அந்தப் பக்கம் கடல்தான். பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் அது சாலை. உயர்கோபுர விளக்குகளும் உணவக விளக்குகளும் குஞ்சுகளைத் தார்ச்சாலைக்கு இழுத்துக்கொள்கின்றன. ஆகவே, முட்டைகளை எடுத்து வேலிக்குள் புதைப்பது இந்த நகரத்தில் தேவையற்ற தலையீடு அல்ல. நகரம் ஏற்கெனவே செய்துவிட்ட தலையீட்டுக்கு ஈடு. இந்த அளவில் பொரிப்பகத்துக்கு முழு மதிப்பெண் தரலாம்.

ஆனால் பொரிப்பகத்துக்கு உள்ளேயே சில நுட்பமான கேள்விகள் இருக்கின்றன. முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேற்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு சாகும். அதனால்தான் நடப்பவர்கள் இரவிலேயே தேடி இரவிலேயே புதைக்கிறார்கள். இது அனுபவத்தில் கைவந்த ஒன்று. அதைவிடக் கடினமானது வெப்பம். கடலாமைக்குப் பாலினத்தைத் தீர்மானிப்பது மரபணு அல்ல, மணலின் சூடு. ஏறக்குறைய 29, 30 பாகை செல்சியஸ் ஒரு நடுக்கோடு. அதற்குக் கீழே ஆண்கள் மிகும், மேலே பெண்கள் மிகும். இன்னும் சில பாகை ஏறினால் கருவே அழியும். இரவில் ஒரு தாய் தேர்ந்தெடுத்த இடத்தின் நிழலும் ஈரமும் வேறு. ஒரே அடைப்புக்குள் நெருக்கமாக வைத்த நூற்றுக்கணக்கான கூடுகளின் சூடு வேறு. பங்குனி வெயிலில் மேலே நிழல்வலை கட்டுவதும் கட்டாமல் விடுவதும் ஒரு தலைமுறை ஆமையின் ஆண் பெண் விகிதத்தை மாற்றும் முடிவு. வெப்பமானியை ஒவ்வொரு பருவமும் மணலுக்குள் வைத்துப் பதிவு செய்யாத பொரிப்பகம், எத்தனை குஞ்சுகளை விட்டாலும், என்ன செய்கிறோம் என்று அறிந்து செய்யும் பொரிப்பகம் ஆகாது.

இன்னொன்று, பார்வையாளர்களுக்காகக் குஞ்சுகளைக் காக்க வைப்பது. வெளிவந்த குஞ்சு ஒரு நாளுக்கும் மேல் விடாமல் நீந்தும். கரையோர மீன்களும் பறவைகளும் நிறைந்த நீரைத் தாண்டி ஆழ்கடலை எட்ட அதற்கு இருக்கும் ஒரே முதல், வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கரு. விடிகாலையில் வெளிவந்ததை மாலைவரை தொட்டியில் வைத்தால் அந்த முதலில் ஒரு பகுதி தொட்டியிலேயே கரைந்துவிடும். எந்தக் கடற்கரையில், எந்த அமைப்பு இதைச் செய்தாலும், கூடிநிற்கும் பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காகக் குஞ்சின் பலத்தைச் செலவிடுகிறோம் என்பது மாறாது. மாலையில் சிலவற்றை விட்டுக் காட்டுவதில் பெரிய தீங்கில்லை. ஆனால், மீதியெல்லாம் வெளிவந்த அந்த இரவிலேயே போய்விட வேண்டும்.

இவை திருத்தக்கூடிய குறைகள். என்னை உண்மையில் தொந்தரவு செய்வது இந்த வேலிக்குள் இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் முட்டையிடும் வயதை எட்டும் என்பது கடலாமைகளைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் தோராயம். 2024 பருவத்தில் தமிழகக் கரை முழுவதிலும் சேர்த்துக் கடலில் விட்ட குஞ்சுகள் 2 லட்சத்துக்கு மேல். ஆயிரத்துக்கு ஒன்று என்றால், மாநிலத்தின் ஓராண்டு உழைப்பு முழுவதும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து இருநூற்றுச் சொச்சம் வளர்ந்த ஆமைகளாகத் திரும்பி வரும். 2025இல் சில வாரங்களில், கரையில் ஒதுங்கி எண்ணப்பட்டவை மட்டும் ஆயிரத்துக்கு மேல். அவை பெரும்பாலும் வளர்ந்தவை என்று கொண்டால், நாலைந்து ஆண்டு உழைப்பை ஒரே தை மாதம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

தோராயத்தை நம்பக் கூடாது என்பவர்களுக்காக அதை நம் பக்கம் வளைத்தே பார்க்கலாம். பொரிப்பகக் குஞ்சுகள் ஐந்து மடங்கு அதிகமாகப் பிழைக்கின்றன, இருநூறில் ஒன்று வளர்கிறது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த ஒரு மாதச் சாவு மாநிலத்தின் ஓராண்டுக் குஞ்சுகளுக்குச் சரியாகிவிடும். இறந்தவற்றில் ஆணும் இருக்குமே என்றால், விட்ட குஞ்சுகளிலும் ஆண் உண்டு. வேலி இல்லாவிட்டாலும் சில கூடுகள் தப்பியிருக்குமே என்றால், அது பொரிப்பகத்தின் பங்கை இன்னும் குறைக்கும், கூட்டாது. கடலில் சாகும் ஆமைகளில் ஒரு பகுதிதான் கரைக்கு வருகிறது என்பதையும் சேர்த்தால் தட்டு மேலும் சாய்கிறது. எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் கணக்கு நமக்குச் சாதகமாக வருவதில்லை.

இது சென்னை மட்டும் கண்டுபிடிக்க வேண்டிய உண்மையும் அல்ல. 1987இல் டெபோரா கிரவுஸ், லாரி கிரவுடர், ஹால் காஸ்வெல் மூவரும் அமெரிக்காவின் ஜார்ஜியா கரையில் முட்டையிடும் பெருந்தலை ஆமைகளின் வாழ்வை வளர்ச்சிப் பருவங்களாகப் பிரித்துக் கணித்தார்கள். முட்டையும் குஞ்சும் நூற்றுக்கு நூறு பிழைப்பதாக வைத்தாலும் அந்த இனம் சரிவிலிருந்து மீளவில்லை. பெரிய இளம் ஆமைகளின் சாவைக் குறைத்தபோதுதான் வளைவு மேலே திரும்பியது. அதுவரை பாதுகாப்புப் பணியின் பெரும்பகுதி கடற்கரையில் நடந்துகொண்டிருந்தது. இழுவை வலையில் ஆமை வெளியேறும் கருவியைப் பொருத்த வேண்டும் என்ற அமெரிக்க விதிக்கு அந்தக் கணிப்பு பெரிய ஆதாரமானது.

நம் பங்குனி ஆமையின் நெருங்கிய உறவான கெம்ப் ரிட்லியின் கதை இன்னும் கூர்மையானது. மெக்சிகோவின் ராஞ்சோ நுவேவோ கரையில் 1947இல் ஒரே நாளில் எடுத்த திரைப்படத்தில் சுமார் நாற்பதாயிரம் பெண் ஆமைகள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். மெக்சிகோ அரசு 1966 முதல் அந்தக் கரையைக் காவல் காத்தது, முட்டைகளை அடைப்புக்குள் மாற்றிப் புதைத்தது. அப்படியும் எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்து 1985இல் ஆண்டு முழுவதற்கும் 702 கூடுகள் என்ற அடிமட்டத்தைத் தொட்டது. கரைக் காவலோடு கடலில் வலைக்கருவியும் சேர்ந்த பிறகுதான் ஏற்றம் வந்தது; 2009 வாக்கில் கூடுகள் இருபதாயிரத்தைத் தொட்டன. முட்டைக் காவல் வீண் என்று இதற்குப் பொருள் அல்ல. இருபது ஆண்டு முட்டைக் காவல் இல்லாதிருந்தால் மீள்வதற்கு அங்கே ஆமையே மிஞ்சியிருக்காது. தனியாக நின்றபோது அதனால் முடியவில்லை, அவ்வளவுதான்.

கடலில் பெரும் வலசை போகும் விலங்குகள் பலவற்றுக்கும் இது பொருந்துகிறது. சாம்பல் திமிங்கலம் ஆண்டுதோறும் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா காயல்களில் குட்டி ஈன்று, ஆர்க்டிக் கடல் வரை போய்த் தின்று, திரும்பி வரும். போக வர 16,000 கிலோமீட்டருக்குக் குறையாது. 1857இல் சார்ல்ஸ் ஸ்கேமன் என்ற வேட்டைக் கப்பல் தலைவர் அந்தக் காயல்களில் ஒன்றைக் கண்டுகொண்டு உள்ளே புகுந்தார். குட்டியை விட்டு நகராத தாய்களைக் குறுகிய நீரில் அடைத்துக் கொல்வது எளிதாக இருந்தது. தாய்கள் படகுகளை மோதி நொறுக்கியதால் வேட்டைக்காரர்கள் அவற்றைப் பேய்மீன் என்றார்கள். இனம் அழிவின் விளிம்புக்குப் போனது. பின்னர் பன்னாட்டு வேட்டைத் தடை வந்தது. 1972இல் மெக்சிகோ அந்தக் காயலைப் புகலிடமாக அறிவித்தது. எண்ணிக்கை மீண்டு, 1994இல் அமெரிக்கா தன் அபாயப் பட்டியலிலிருந்து கிழக்குப் பசிபிக் கூட்டத்தை நீக்கியது. வனவிலங்குப் பாதுகாப்பின் பெரிய வெற்றி என்று எல்லோரும் காட்டிய விலங்கு அது.

2016ஐ ஒட்டி 27,000 வரை எட்டிய அந்தக் கூட்டம் 2023க்குள் ஏறக்குறைய பாதியானது. 2019 முதல் எலும்பு தெரிய மெலிந்த திமிங்கலங்கள் பசிபிக் கரை நெடுக ஒதுங்கின. காயல்கள் அப்படியே காவலில்தான் இருந்தன. மாறியது வடக்கு. பனிக்கட்டியின் அடியில் வளரும் பாசி கடலடிச் சேற்றில் விழுந்து அங்குள்ள சிறு ஓட்டுயிர்களுக்கு உணவாகும். திமிங்கலம் ஒருக்களித்துப் படுத்துச் சேற்றோடு அவற்றை உறிஞ்சி வடிகட்டித் தின்னும். பனி குறைய, அந்தச் சங்கிலி தளர்ந்ததே பஞ்சத்துக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிரசவ அறையைப் பூட்டிக் காத்தார்கள். தாயின் சோற்றுப்பானை வேறோரிடத்தில் காலியானது.

எதிர்வாதம் ஒன்று வலுவாக இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சென்னையில் ஆயிரம் ஆமைகள் செத்த அதே 2025இல், ஒடிசாவின் ருஷிகுல்யாவில் ஏறக்குறைய 7 லட்சம் ஆமைகள் முட்டையிட்டன. அதுவரை அங்கே பதிவானவற்றில் உச்சம். இனமே பெருகிக்கொண்டிருக்கும்போது ஆயிரம் சாவுக்கு இத்தனை பதற்றம் ஏன்?

இரண்டு காரணங்களால் இந்த வாதம் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. இன்று முட்டையிடும் ஆமை பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பொரித்தது. இன்றைய உச்சம் அன்றைய கடலின் நிலையைச் சொல்கிறது. இன்றைய வலைகளின் விளைவைப் பின்னால்தான் சொல்லும். 27,000 திமிங்கலம் இருந்தபோதும் யாரும் சரிவை எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. ஒடிசாவில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நவம்பர் 1 முதல் மே 31 வரை, தாம்ரா, தேவி, ருஷிகுல்யா முகத்துவாரங்களை ஒட்டிக் கரையிலிருந்து 20 கிலோமீட்டர் வரை மீன்பிடிக்கத் தடை. கஹிர்மாதா 1997 முதல் கடல் சரணாலயம். அங்கும் மீறல்கள் உண்டு, சாவுகள் உண்டு, மீனவர் படும் துன்பம் உண்டு. ஆனால், கணக்கைக் கடலில் தீர்க்க வேண்டும் என்பதை ஒடிசா சட்டமாகவே எழுதியிருக்கிறது. ஆகவே, ருஷிகுல்யாவின் எண்ணை எடுத்துக்காட்டிச் சென்னையைத் தேற்றிக்கொள்வது ஆதாரத்தைத் தலைகீழாகப் பிடிப்பது.

தவிர, இங்கே சாகும் ஆமையை இங்கத்தியது என்று மட்டும் கொள்ள முடியாது. ஒடிசாவில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஆமைகள் இந்தக் கரையைக் கடந்து இலங்கைக் கடலுக்குப் போயிருக்கின்றன. 2021இல் ஒடிசாவில் அடையாளத் தகடு பொருத்திய ஓர் ஆமை 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் குஹாகர் கரையில் முட்டையிட்டது. ஒரு நாடே பங்குபோடும் உயிரினத்தின் வழியில் சென்னை ஒரு குறுகலான வாசல்.

தமிழ்நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், மீன்பிடிக்கக் கூடாது. இனப்பெருக்கத்துக்கு வரும் ஆமைகள் கூடித் திரிவது பெரும்பாலும் இந்தக் கரையோர நீரில்தான். விசைப்படகின் இழுவை மடி இரண்டு, மூன்று மணி நேரம் அடியில் இழுபடும். ஆமைக்கு நுரையீரல், மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். ஓய்வாக இருந்தால் நெடுநேரம் தாங்கும், வலைக்குள் திமிறினால் சீக்கிரமே மூச்சு தீரும். இழுப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் உயிரோடு வெளிவரும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. ஆமை சாவது தை முதல் பங்குனி வரை. கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவது ஏப்ரல் 15. அந்தத் தடை மீன்வளத்துக்காக வந்தது, அந்த நோக்கத்தில் அதற்கு நியாயம் உண்டு. ஆமைக்கும் அதுவே காவல் என்று எண்ணிக்கொள்பவர்கள் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்.

விசைப்படகு உரிமையாளர்களின் பக்கத்தையும் கேட்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு மாதம் படகைக் கட்டிப்போடுகிறோம், டீசல் விலையில் ஆழக்கடலுக்குப் போய்வந்தால் கட்டுபடியாகாது, வலைக்கருவி போட்டால் பெரிய மீன் வெளியே போய்விடும் என்கிறார்கள். முதல் இரண்டும் உண்மையான சுமைகள். மூன்றாவதைப் பொறுத்தவரை, கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்றபடி வடிவமைத்த கருவியில் இழப்பு மொத்தப் பிடிப்பில் சில விழுக்காடுதான். அது சிறிதா பெரிதா என்பதைத் துறைமுகத்தில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். அந்த இழப்பை அரசு ஈடுசெய்வது நியாயம். கருவி இல்லாததால் 2018 முதல் இந்தியாவின் கடலில் பிடித்த இறாலுக்கு அமெரிக்கச் சந்தை மூடிக் கிடக்கிறது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆனால், மீனவர் என்ற ஒரே சொல்லுக்குள் எல்லோரையும் அடைப்பது தவறு. ஊரூர் குப்பத்திலும் நொச்சிக்குப்பத்திலும் ஃபைபர் படகில் போகிறவர்களுக்கு அந்த 5 கடல்மைல் நீர்தான் பிழைப்பு. விசைப்படகு உள்ளே வந்தால் ஆமை சாவதோடு அவர்கள் போட்டுவைத்த வலையும் கிழிந்து போகிறது. அந்தக் கோட்டைக் காக்க வேண்டும் என்று இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுவருபவர்களும் அவர்களே. ஆமைக்காக நடக்கும் நகரத்து இளைஞரும் வலைக்காகப் போராடும் குப்பத்து மீனவரும் ஒரே கோரிக்கையைத் தனித்தனியே சொல்லிக்கொண்டிருப்பது இந்த இயக்கத்தின் பெரிய பலவீனம். அதே நேரம், பெரிய கண்ணுள்ள திருக்கை வலையிலும் ஆமை சிக்கிச் சாகிறது. அதைப் போடுவது சிறு படகுகள். ஆமைக்கூட்டம் வரும் வாரங்களில் அந்த வலையை மட்டும் நிறுத்திவைக்கக் குப்பங்களோடு பேசி முடிவெடுக்கலாம். அதை வழக்காக்கக் கூடாது.

என் தீர்ப்பு இதுதான். பொரிப்பகம் தொடர வேண்டும். விளக்குகள் அணையாத இந்த நகரத்தில் அதற்கு மாற்று இல்லை. இரவு நடை தொடர வேண்டும். 2025இல் ஒதுங்கிய ஆமைகளைப் பற்றி நகரம் பேசியதே, அந்த மணலில் பிள்ளைகளாக நின்று குஞ்சுகளைப் பார்த்த ஒரு தலைமுறை இங்கே இருப்பதால்தான். அந்த ஒரு பயனை நான் எந்த எண்ணிக்கையைவிடவும் உயர்வாக மதிக்கிறேன். ஆனால், விட்ட குஞ்சுகளின் எண்ணிக்கையை வெற்றியின் அளவாக அரசோ அமைப்புகளோ சொல்வதை ஏற்க மாட்டேன். கரையில் சென்னை தன் கடமையைப் பெரும்பாலும் செய்திருக்கிறது. கடலில் தமிழ்நாடு தவறிவிட்டது. அதுவும் புதுச் சட்டம் இல்லாததால் அல்ல, இருக்கும் சட்டத்தை ஜனவரி முதல் மார்ச் வரை நடத்திக்காட்டாததால். இன்னொரு தடைக்காலம் தேவையில்லை. அந்த மூன்று மாதம் 5 கடல்மைல் கோட்டில் ரோந்துப் படகு நிற்பதும், கோட்டைத் தாண்டி உள்ளே வரும் படகுக்கு அபராதமும் டீசல் மானிய நிறுத்தமும் தவறாமல் விழுவதும் போதும். அதற்கடுத்து வலைக்கருவி, ஈட்டுத் தொகையோடு.

இவை நடக்கின்றனவா என்று யாரும் சரிபார்க்க முடிய வேண்டுமானால், பருவ முடிவில் வனத்துறை தரும் அறிக்கையில் குஞ்சுகளுக்குப் பக்கத்திலேயே மற்ற வரிகளும் இருக்க வேண்டும்: எந்தக் கரையில், எந்த வாரம், எத்தனை இறந்த ஆமைகள், அவற்றில் எத்தனை பெண், ஓட்டின் நீளம் என்ன, பொரிப்பக மணலின் வெப்பம் என்ன, கோட்டுக்குள் பிடிபட்ட படகுகள் எத்தனை, அவற்றில் எத்தனை வழக்குகள் முடிந்தன.